ஏர்லைனா, விமானப்படையில் பகுதி நேரமா? டர்பன் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

டர்பன் வெர்ஜீனியா விமான நிலையத்தில் பறக்கக் கற்றுக்கொடுக்கும் எனக்கு, டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் வரும் பிள்ளைகள் அடிக்கடி வைக்கும் கேள்வி இது: ஏர்லைனில் வேலை பார்த்துக்கொண்டே விமானப்படையிலும் பகுதி நேரமாகப் பறக்க முடியுமா? முடியாதென்றால் இரண்டில் எதை விடுவது?

முடியும். ஆனால் இதைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் அமெரிக்கர்களுக்காக எழுதியது. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து திட்டம் போட்டால் ஐந்தாறு வருடம் வீணாகிவிடும். அதனால் முதலில் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டு, அப்புறம் நம் ஊருக்கு வருகிறேன்.

முதல் படி: அமெரிக்கக் கணக்கை ஓரமாக வையுங்கள்

அமெரிக்காவில் ஏர் நேஷனல் கார்டு, ஏர் ஃபோர்ஸ் ரிசர்வ் என்று இரண்டு பகுதி நேரப் படைகள் இருக்கின்றன. ஒன்றுமே பறக்கத் தெரியாத ஒருவரைக்கூட ஒரு ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) நேராகத் தேர்ந்தெடுத்து, அரசுச் செலவில் விமானியாக்கும். பதிலுக்கு அவர் பயிற்சி முடிந்து பத்து வருடம் சேவை செய்ய வேண்டும். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, வருடத்தில் இரண்டு வாரம் என்பது காகிதக் கணக்கு. விமானிகளுக்கு நாட்கள் அதைவிடக் கூடுதலாகவே போகும். 1994இல் வந்த சட்டம் ஒன்று, படை அழைத்துப் போனவரின் சிவில் வேலையைப் பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் வரை காப்பாற்றுகிறது. திரும்பி வரும்போது, போகாமல் இருந்திருந்தால் சீனியாரிட்டியில், அதாவது வேலையில் சேர்ந்த தேதிப்படியான வரிசையில், எந்த இடத்தில் இருப்பாரோ அந்த இடத்திலேயே வைக்க வேண்டும். இது போக, மற்றவர்கள் ஏர்லைன் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்றால், ராணுவத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கு 750 மணி நேரத்திலேயே வரம்புக்குட்பட்ட லைசென்ஸ் கிடைக்கும்.

இதையெல்லாம் வைத்துத்தான் அங்கே உள்ளவர்கள் "எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஏர்லைனில் சீனியாரிட்டி நம்பரை வாங்கு, படையைப் பக்கத்தில் வைத்துக்கொள்" என்கிறார்கள். அவர்களுக்கு அது சரியான புத்திமதி. நமக்கு ஏன் பொருந்தாது என்பது கீழே வருகிறது.

இரண்டாம் படி: இங்கே எந்த வாசல்கள் திறந்திருக்கின்றன என்று பாருங்கள்

தென்னாப்பிரிக்க விமானப்படை 1920 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. உலகின் பழைய விமானப்படைகளில் ஒன்று. நிறவெறி ஆட்சிக் காலத்தில் அதன் விமானி இருக்கைகள் வெள்ளையர்களுக்கே என்ற நிலை இருந்ததால், நம் தாத்தாக்கள் காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. டர்பனின் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மெரபேங்க்கிலும் இசிப்பிங்கோவிலும் வளர்ந்தவர்களுக்கு விமானச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் போக வழியில்லை. இன்று வழி இருக்கிறது. 2010இல் கேதரின் லபுஸ்காக்னே என்ற பெண் கிரிப்பென் போர் விமானத்தை ஓட்டினார். அந்த விமானத்தை ஓட்டிய முதல் பெண் அவர். எனவே பெண் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம், படிக்க வேண்டும்.

2002ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டப்படி படையில் நிரந்தரப் பிரிவு, ரிசர்வ் பிரிவு என்று இரண்டு உண்டு. ரிசர்வ் விமானியாக இரண்டு வகையில் ஆகலாம்.

ஒன்று, நிரந்தரப் படையில் சேர்ந்து, விமானியாகி, ஒப்பந்தக் காலம் முடிந்து ஏர்லைனுக்குப் போய், அதன்பிறகு பழைய ஸ்குவாட்ரனுக்கு ரிசர்வாகத் திரும்பி வருவது. போக்குவரத்து விமான ஸ்குவாட்ரன்களில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்கலாம்.

இன்னொன்று, சிவில் லைசென்ஸை நீங்களே எடுத்துக்கொண்டு, நூறாம் எண் வரிசையில் இருக்கும் ரிசர்வ் ஸ்குவாட்ரன்களில் ஒன்றில் சேருவது. டர்பனில் இருப்பது 105 ஸ்குவாட்ரன். இந்த ஸ்குவாட்ரன்களின் விமானிகள் பறப்பது தங்கள் சொந்த விமானங்களில், பெரும்பாலும் செஸ்னா, பீச்கிராஃப்ட் போன்ற சின்ன விமானங்களில். எல்லையையும் கடற்கரையையும் கண்காணிப்பது, ஆட்களையும் சிறு சரக்கையும் கொண்டுபோவது, போலீசுக்கு உதவுவது, வெள்ளம் போன்ற நேரங்களில் கைகொடுப்பது இவர்கள் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது: அமெரிக்காவில் இருப்பது போல, தெருவிலிருந்து வரும் ஒருவரை ரிசர்வ் ஸ்குவாட்ரனே செலவு செய்து ஜெட் விமானியாக்கும் வழக்கம் இங்கே இல்லை. பகுதி நேரம் என்பது இங்கே தொடக்கம் ஆகாது. ஏற்கனவே விமானியாக இருப்பவருக்குத்தான் அந்த வாசல்.

மூன்றாம் படி: காசு கட்டும் முன்பு மெடிக்கல்

எந்த வழியில் போனாலும் முதல் செலவு இதுவாக இருக்கட்டும். ஏர்லைனுக்கு முதல் வகுப்பு மெடிக்கல் (உடல் தகுதிச் சான்று) வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். விமானப்படைக்கு பிரிட்டோரியாவில் உள்ள விமான மருத்துவ நிறுவனத்தில் தனிப் பரிசோதனை. அங்கே கை கால் நீளம், உட்கார்ந்த உயரம் வரை அளப்பார்கள். ஒன்றில் தேறினால் மற்றதிலும் தேறுவோம் என்று நினைக்க வேண்டாம்.

நம் குடும்பங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இருபது வயதில் ஒன்றும் தெரியாது. இன்சுலின் போடும் நிலை வந்தால் விமானி வேலையே ஆட்டம் கண்டுவிடும். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சர்க்கரை இருந்தால், முதல் மெடிக்கலின்போதே ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், வருடா வருடம் ஒப்பிட்டுப் பாருங்கள். நிறக்குருடு இருக்கிறதா என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளலாம்.

பள்ளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்தாம் கிரேடில் பாடம் எடுக்கும்போது கணிதமும் இயற்பியல் அறிவியலும் எடுங்கள். கணிதத்துக்குப் பதில் அன்றாடக் கணக்கு மட்டும் கற்பிக்கும் மேத்ஸ் லிட்டரசி எடுத்தால் விமானப்படையின் விமானி விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பதினைந்து வயதுப் பிள்ளை எடுக்கும் இந்த முடிவைப் பெற்றோர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எது முதலில் என்று முடிவு செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகப் படியுங்கள்.

*படை முதலில்.* பொதுவாக 18 முதல் 22 வயதுக்குள், பட்டம் பெற்றவர்கள் 26 வயது வரை, ராணுவத் திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் வழியே விண்ணப்பிக்கலாம். அடிப்படை ராணுவப் பயிற்சி, அதிகாரிப் பயிற்சி, அப்புறம் லாங்கபான்வெக்கில் உள்ள மத்திய பறப்புப் பள்ளியில் பிசி-7 விமானம். விமானியாகத் தேறியதற்கான இறக்கைச் சின்னம் வாங்கியதும் பிரிப்பார்கள்: சிலர் ப்ளூம்ஃபோன்டெய்ன் பக்கம் ஹெலிகாப்டருக்கு, சிலர் போக்குவரத்து விமானத்துக்கு, வெகு சிலர் மகாடோவில் ஹாக் ஜெட்டுக்கு. பயிற்சிக்கு நீங்கள் ஒரு ராண்ட்கூடச் செலவழிக்க வேண்டாம், சம்பளமும் வரும். அதற்கு ஈடாகப் பல வருடம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்த வருடக் கணக்கு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, சேர்ந்த நாளிலிருந்தா இறக்கை வாங்கிய நாளிலிருந்தா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

இங்கே ஒரு சிக்கல். எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஹெலிகாப்டருக்குப் போனால் அது மிக உன்னதமான வேலை. 1991 ஆகஸ்ட்டில் டிரான்ஸ்கை கரையோரம் ஓஷனோஸ் கப்பல் மூழ்கியபோது அதில் இருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள் என்றால், அதில் விமானப்படை ஹெலிகாப்டர்களின் பங்கு பெரியது. 2000இல் மொசாம்பிக் வெள்ளத்தில் மரத்தின் மேலும் கூரையின் மேலும் இருந்தவர்களை ஆயிரக்கணக்கில் தூக்கியவர்களும் இவர்களே. ஆனால் ஏர்லைன் கேட்பது இறக்கை நிலையாக உள்ள விமானத்தின் மணி நேரம். ஆயிரம் மணி நேரம் ஓரிக்ஸ் ஹெலிகாப்டர் ஓட்டியவரும் ஏர்பஸ் இருக்கைக்கு வர, விமான மணி நேரத்தைப் பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சிக்கல் பணம். உங்கள் பணம் இல்லை, படையின் பணம். பட்ஜெட் சுருங்கிச் சுருங்கி, உதிரிப் பாகம் இல்லாமல் பல விமானங்கள் தரையில் நிற்கின்றன. இது நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயம். சீருடை இருக்கிறது, திறமை இருக்கிறது, பறக்க விமானம் இல்லை என்றால் இருபதுகளின் பொன்னான வருடங்களில் லாக்புக் (பறந்த நேரத்தைப் பதியும் புத்தகம்) நிரம்பாது.

*சிவில் முதலில்.* 17 வயதில் தனியார் விமானி லைசென்ஸ் எடுக்கலாம், குறைந்தது 45 மணி நேரம். 18 வயதில் வணிக லைசென்ஸ். அதற்குப் பொதுவான வழியில் 200 மணி நேரம் ஆக வேண்டும். இரட்டை எஞ்சின் தகுதி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எல்லாம் சேர்த்தால் செலவு பத்து லட்சம் ராண்டை எளிதில் தொடும். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தகப்பன்மாரைப் பார்க்கிறேன். அவர்களிடம் நான் தெளிவாகச் சொல்வது, 200 மணி நேரத்தோடு ஏர்லைன் கதவைத் தட்ட முடியாது என்பதுதான். இடையில் இரண்டு மூன்று வருடம் பயிற்சியாளராகவோ, போட்ஸ்வானாவின் மௌன் போன்ற ஊரில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறந்தோ, சரக்கு ஏற்றும் கேரவன் என்ற சின்ன விமானம் ஓட்டியோ மணி நேரம் சேர்க்க வேண்டும். ஏர்லைன் கேப்டன் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம். அந்த இடைக்கால வருடங்களுக்கும் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதுதான் முதல் கேள்வி.

சரி, எது முதலில்? என் கருத்து இது. பணம் இல்லை, வயது 22க்குள், மெடிக்கல் சுத்தம், உத்தரவுக்குக் கட்டுப்படுவது உறுத்தாது என்றால் படைக்கு விண்ணப்பம் போடுங்கள். கூடவே சிவில் வழிக்கான உதவித்தொகைகளையும் தேடுங்கள், ஏனென்றால் படை எடுப்பது மிகச் சிலரையே. லைசென்ஸ் ஏற்கனவே கையில் இருக்கிறது, வயது 25 தாண்டிவிட்டது என்றால் சிவில் வழியில் போய், வேலை நிலைத்தபின் 105 ஸ்குவாட்ரன் பக்கம் பாருங்கள். படையில் இருந்துகொண்டு ஏர்லைன் அழைப்பு வந்தவர்கள், ஒப்பந்தம் முடிந்திருந்தால் போங்கள். ரிசர்வாகத் திரும்ப வாய்ப்பு இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கமாண்டரிடம் பேசுங்கள்.

ஐந்தாம் படி: சீனியாரிட்டியை எவ்வளவு நம்பலாம்?

ஏர்லைனில் சேர்ந்த தேதிதான் உங்கள் தலையெழுத்து. எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் லீவு, எப்போது கேப்டன் என்று பல கம்பெனிகளில் அந்த வரிசைதான் தீர்மானிக்கும். தைப்பூசக் காவடிக்கு லீவு கேட்டால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் கேட்டு முடித்தபின்தான் உங்கள் முறை.

ஆனால் நம் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். எஸ்ஏ எக்ஸ்பிரஸ் ஏர்லைன் 2020இல் நின்றுபோனது. தேசிய ஏர்லைனான எஸ்ஏஏ (சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ்) 2019 டிசம்பரில் மீட்பு நடவடிக்கைக்குள் போய், 2021 செப்டம்பரில்தான் மிகச் சிறிய கம்பெனியாகத் திரும்பப் பறந்தது. மாங்கோ ஏர்லைன் 2021 ஜூலையில் நின்றது. குலுலா ஏர்லைனை நடத்திய காமேர் கம்பெனி 2022 ஜூனில் மூடப்பட்டது. இருபது வருட சீனியாரிட்டி நம்பர் வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் வரிசையே இல்லாமல் நின்றார்கள். பலர் வளைகுடா நாட்டுக் கம்பெனிகளுக்குப் போய் மறுபடியும் கடைசி ஆளாகத் தொடங்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன்: அமெரிக்க விமானிக்கு சீனியாரிட்டி நம்பர் சொத்து. நமக்கு லாக்புக்கும், மெடிக்கலும், செல்லுபடியாகும் லைசென்ஸும்தான் சொத்து. எந்த வேலை அந்த மூன்றையும் வளர்க்கிறதோ அது நல்ல வேலை. படை வேலை அதை வளர்த்தால் படை, ஏர்லைன் வளர்த்தால் ஏர்லைன், இரண்டும் சேர்ந்து வளர்த்தால் இரண்டும்.

ஆறாம் படி: ஒரு மாதத்தைத் தாளில் போடுங்கள்

இரண்டையும் சேர்த்துச் செய்ய நினைப்பவர்கள் எல்லோரையும் நான் இதைச் செய்யச் சொல்வேன். முப்பது கட்டம் போட்ட ஒரு தாள். ஏர்லைன் பறப்பு நாள் நீலம், ஸ்டாண்ட்பை (அழைத்தால் போகத் தயாராக இருக்கும் நாள்) மஞ்சள், ஓய்வு பச்சை. ஏர்லைன் நண்பர் ஒருவரின் உண்மையான ரோஸ்டரை (வேலை அட்டவணையை) வாங்கி நிரப்புங்கள். கற்பனையில் நிரப்பினால் பச்சை அதிகமாகிவிடும். பச்சைக் கட்டங்கள் எட்டோ பத்தோ வரும், அவையும் சேர்ந்தாற்போல் வராது. இப்போது படை வேலைக்கு சிவப்பு பென்சிலை எடுங்கள். வெள்ளி இரவு வேலை முடித்தவர் சனி, ஞாயிறு படைக்குப் பறந்துவிட்டு, திங்கள் காலை ஆறு மணி கேப்டவுன் விமானத்தில் உட்கார முடியுமா? சிவப்பு எங்கெங்கே விழுகிறது என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மிச்சப் பதிலை வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அந்தத் தாளை மனைவியோ கணவனோ பார்க்காமல் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஓய்வு விதிகள் விளையாட்டில்லை. வெளியே பறக்கும் நேரத்தையும் கம்பெனி கணக்கில் எடுக்கும். வெளியில் பறக்க எழுத்து மூலம் அனுமதி கேட்பார்கள். வேலை ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். அனுமதி வாய்வார்த்தையாக இருந்தால், அதைக் கொடுத்த மேனேஜர் மாறிய அன்று அது போய்விடும்.

ஏழாம் படி: ஸ்குவாட்ரனுக்குப் போய் நேரில் கேளுங்கள்

டர்பன் விமானப்படைத் தளம் பழைய லூயி போத்தா விமான நிலைய வளாகத்தில்தான் இருக்கிறது. 2010 மே மாதம் பயணிகள் விமானம் எல்லாம் கிங் ஷாகாவுக்குப் போனபின்னும் படை அங்கேயே தங்கிவிட்டது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய பாதைதான். முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிக்கொண்டு போய், மரியாதையாக, ஆனால் நேரடியாகக் கேளுங்கள்.

போன வருடம் இந்த ஸ்குவாட்ரனில் ஒரு ரிசர்வ் விமானி சராசரியாக எத்தனை மணி நேரம் பறந்தார்? அழைத்த நாட்களுக்குப் பதவிக்கேற்ற நாள் சம்பளம் எப்போது கைக்கு வருகிறது? சொந்த விமானம் இல்லாதவர், பலர் பங்கு போட்டு வைத்திருக்கும் விமானத்தோடு சேரலாமா? என் விமானம் படை வேலையில் சேதமானால் யார் பொறுப்பு? பாதுகாப்புச் சான்றுக்கு எத்தனை மாதம் ஆகிறது? மணி நேரக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் மற்றக் கேள்விகளைக் கேட்க வேண்டியதே இல்லை.

எட்டாம் படி: காகித வேலை

லாக்புக். படையில் பறந்த நேரத்தைத் தரையை விட்டு எழும்பியதிலிருந்து இறங்கும் வரை எழுதும் பழக்கம் உண்டு. ஏர்லைனில் சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும் வரை கணக்கு. இரண்டையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிய புத்தகத்தை நேர்முகத் தேர்வில் விரித்தால் கேள்வி மேல் கேள்வி வரும். தனித்தனிப் பத்தி போடுங்கள். கேப்டனாகப் பறந்தது, இரட்டை எஞ்சின், இரவு, இன்ஸ்ட்ருமென்ட் எல்லாம் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். படையை விட்டு வரும்போது அதிகாரியின் முத்திரையோடு மொத்த மணி நேரச் சான்று வாங்காமல் வாசலைத் தாண்டாதீர்கள். ராணுவ அனுபவத்தை ஆணையம் ஏற்கும், ஆனால் தானாக லைசென்ஸ் தராது. அதற்கான தேர்வுகளைப் படையில் இருக்கும்போதே எழுதத் தொடங்குவது நல்லது.

இன்சூரன்ஸ். ஆயுள் காப்பீடு, வீட்டுக் கடன் காப்பீடு இரண்டிலும் ராணுவப் பறப்பு விலக்கப்பட்டிருக்கலாம். ரிசர்வில் சேர்ந்த வாரமே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, அவர்கள் பதிலைக் கோப்பில் வையுங்கள். லைசென்ஸ் இழப்புக் காப்பீடு இருந்தால், படை வேலையில் வந்த காயத்துக்கும் அது பொருந்துமா என்று தனியாகக் கேளுங்கள்.

பாண்ட். டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) செலவுக்காக ஏர்லைன் இரண்டு மூன்று வருடம் கட்டிப் போடும். அந்தக் காலத்தில் படைக்காக நீண்ட லீவு எடுத்தால் பாண்ட் காலம் நீளுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இந்த வாரமே தொடங்க நினைப்பவர்களுக்கு: ஒன்பதாம் கிரேடில் பிள்ளை இருந்தால் பாடத் தேர்வுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். மெட்ரிக் முடித்தவர்கள் முதல் வகுப்பு மெடிக்கலுக்கு நேரம் வாங்குங்கள், விமானப்படை விளம்பரம் வரும் தேதியைக் கவனியுங்கள். ஏற்கனவே ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபிசராக இருப்பவர்கள் வேலை ஒப்பந்தத்தையும் போன மூன்று மாத ரோஸ்டரையும் மேசையில் வைத்துக்கொண்டு சிவப்பு பென்சிலோடு உட்காருங்கள்.